வெளிச்சம் போட்ட பிறகு

வேன்காரரின் இடது கிருதா வலது கிருதாவைவிட ஒரு விரல்கடை மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. முடிவெட்டும் கடைகளில் நடக்காத காரியமில்லை. ஆனால் அவர் வெட்டிக்கொண்ட கடையில் நடக்காது. அங்கே முதல் நாற்காலியில் வெட்டுகிறவருக்கு மெதுவண்ணன் என்று பெயர். அவர் ஒரு தலையை முடிப்பதற்குள் வேறு கடையில் ஒரு குடும்பமே வெட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கும். மெதுவாக வெட்டுவார், பிசகாமல் வெட்டுவார். அதற்காகத்தான் பெஞ்சில் கால் மரத்துப்போகக் காத்துக்கிடந்தாவது அவரிடமே தலையைக் கொடுத்தார்கள்.

வேன்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு தெரு விடாமல் போய்ப் பிள்ளைகளை ஏற்றுகிறவர் என்பதால் அவருடைய இரண்டு கன்னங்களும் எல்லோருக்கும் பழக்கம். வெட்டிக்கொண்டு போன மறுநாளே திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பின்கண்ணாடியைப் பாக்கும்போதெல்லாம் வண்டி ஒருபக்கமா சாயுதோன்னு பயமா இருக்கு. இறங்கிப் பாத்தா டயர்ல காத்து சரியா இருக்கு. அப்பறம்தான் தெரிஞ்சுது, சாயறது வண்டியில்ல, நான்தான்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மெதுவண்ணன் சிரிக்கவில்லை. இரண்டாவது நாற்காலியில் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய மச்சான், "இங்க வாங்க, ஒரு நிமிஷத்துல சரி பண்றேன்" என்று வேன்காரரை உட்காரவைத்து வலது கிருதாவையும் மேலே ஏற்றிவிட்டான். கணக்கு நேராகிவிட்டது. முகம்தான் கொஞ்சம் திகைத்த மாதிரி ஆகிவிட்டது.

துவைத்து மடித்த போர்வைத் துணிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த நேரத்தில்தான் ஏனக்கா கடைக்குள் வந்தாள். மெதுவண்ணனின் மனைவி. கடைக்கு வேண்டிய போர்வைகளையும் துண்டுகளையும் வீட்டில் துவைத்து, தேய்த்து, கிழிந்தால் தைத்துக் கொண்டுவந்து கொடுப்பது அவள் வேலை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்வாள். பால்காரர் ஒருநாள் தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்பாள். நேரத்தோடு வந்தால் இன்றைக்கு மட்டும் ஏன் என்று கேட்பாள். அதனால் வந்த பெயர். இரண்டாவது நாற்காலியில் வெட்டும் அவள் கூடப்பிறந்த தம்பிகூட மறந்துபோய்ச் சிலசமயம் அப்படித்தான் கூப்பிடுவான்.

மெதுவண்ணனின் கண் விஷயம் அவளுக்குத் தெரியாததல்ல. கணவரோடு கண்ணாஸ்பத்திரிக்குப் போனவளே அவள்தான். இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி தேய்ந்துபோயிருக்கிறது, ஓரம் நன்றாக இருக்கிறது, முழு இருட்டு வராது, ஆனால் தேய்ந்ததைக் கண்ணாடி போட்டோ அறுவை செய்தோ திரும்பக் கொண்டுவர முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாழ்வாரத்துக் கடைசியில் ஓர் அறை இருக்கிறது, இருக்கிற பார்வையை வைத்து வேலை செய்யக் கருவி கொடுப்பார்கள், அங்கே போங்கள் என்றும் சொன்னார். மெதுவண்ணன் தாழ்வாரத்தின் கடைசிவரை போகவில்லை. நேராக வாசலுக்கு நடந்தார். "கருவியெல்லாம் கண்ணு போனவங்களுக்கு" என்றார். அவள் ஏன் என்று கேட்டாள். அவர் படியிறங்கிவிட்டார்.

அதன்பிறகு தம்பி தன் பங்குக்கு உதவி செய்தான். பார்வை மங்கினால் வெளிச்சம் கூட்ட வேண்டும், யாருக்கும் தெரிந்ததுதானே? கடையின் பெரிய கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாகக் குழல் விளக்குகள் போட்டான். பின்சுவரில் இருந்த கண்ணாடியின் தலைமேலும் ஒன்று. சுவிட்சைத் தட்டினால் கடை கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். அதோடு விடாமல், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றையும் வரவழைத்தான். பத்து மடங்கு என்றால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்தால் கோட்டுப் பொத்தான் மாதிரி ஒன்று வந்து விழுந்தது.

மெதுவண்ணன் அதைக் கண்ணருகே வைத்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பையனின் காதோரத்தைப் பார்க்கக் குனிந்தார். தெரியவில்லை. இன்னும் குனிந்தார். மூக்கு காதில் இடித்தபோதுதான் ஏதோ கரிசல்காட்டுப் புல் மாதிரி நாலு முடி தெரிந்தது. பையன் துள்ளி எழுந்தான்.

"என்ன மாமா, முத்தம் குடுக்கப் போறீங்களா?"

லென்ஸ் அன்றோடு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

வேன்காரர் வந்துபோன சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரொட்டியும் வெங்காயம் போட்டுக் கிளறிய முட்டையும். மெதுவண்ணன் ரொட்டியைக் கிள்ளித் தட்டில் துழாவிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தட்டில் முட்டை எங்கே முடிகிறது, தட்டு எங்கே தொடங்குகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தம்பி தொண்டையைக் கனைத்தான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க கல்லாவுல உக்காருங்க. ரெண்டு நாற்காலிக்கும் நான் ஆள் பாத்துக்கறேன்."

"கல்லாவுல உக்காந்து?"

"வர்றவங்களை வாங்கன்னு சொல்லுங்க. போறவங்ககிட்ட காசு வாங்குங்க."

"நோட்டு எதுன்னு நீ வந்து சொல்வியா?"

தம்பி ரொட்டியைக் கடித்தான். கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு. கடை இருவருக்கும் பொது. ஒரு கிருதா என்றால் சிரிப்போடு போகும். கத்தி பிசகினால் என்ன ஆகும் என்கிற பயம் அவனுக்குக் கொஞ்சநாளாகவே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் வரும். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க மாமா."

மெதுவண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கல்லா நாற்காலி என்றால் என்ன என்பது மூன்று பேருக்கும் தெரியும். அதில் உட்கார்ந்தவர் திரும்பக் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. மெதுவண்ணனின் மாமனார் அதில்தான் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடி தூங்கித் தூங்கி விழுந்து, கடைசியில் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஏனக்கா தட்டுகளை அடுக்கினாள். அவள் மனதில் வேறொன்று குடைந்துகொண்டிருந்தது.

"டேய், விளக்கு என்னைக்குப் போட்ட?"

"போன வாரம். ஏன்?"

"அதுக்கு முன்னாடி கிருதா கோணலாச்சா?"

"இல்ல... மெதுவா வெட்டுவாரு, ஆனா நேராத்தான் இருக்கும்."

"மங்கலா இருந்தவரைக்கும் நேரா வெட்டினவரு, பளிச்சுன்னு ஆனதும் கோணலா வெட்டுறாருன்னா, ஏன்?"

"ஆரம்பிச்சுட்டியா? கண்ணு இன்னும் மோசமாயிருக்கும்க்கா."

"ஒரே வாரத்துலயா?"

தம்பி எழுந்து கை கழுவப் போனான். காரணம் அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் பதில் இல்லாத கேள்வியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள் இல்லை அவள்.

கடைக்கு வார விடுமுறை மறுநாள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும், தையலுக்குப் போட்டுக்கொள்ளும் தன் கண்ணாடியை எடுத்தாள். கரண்ட் வேலைக்கு ஒட்டும் கறுப்பு நாடாவை இரண்டு வட்டமாக வெட்டி, இரண்டு கண்ணாடியின் நடுவிலும் ஒட்டினாள். போட்டுக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கடிகாரம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு புகைமூட்டம். திடுக்கிட்டுப் பக்கத்தில் இருந்த ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் மறைந்துபோய், ஓரத்தில் கடிகாரம் எட்டிப் பார்த்தது.

அவளுக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. பார்த்தால் போய்விடுகிறது, பார்க்காவிட்டால் வந்துவிடுகிறது! அடுப்பைப் பார்த்தாள், அடுப்பு போய்விட்டது. உப்பு ஜாடியைத் தேடினாள், ஜாடி போய்விட்டது, கை மட்டும் வழி தெரிந்த மாதிரி நீண்டு அதைத் தொட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். சட்டை இருந்தது, கை இருந்தது, கழுத்துக்குமேல் ஒன்றுமில்லை. அவர் முகம் வேண்டுமென்றால் அவருக்குப் பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்படியே நின்றுவிட்டாள்.

கொஞ்ச காலமாகவே அவர் அவளோடு பேசும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் பேசினார். தோளுக்கு மேலே, கதவை, காலண்டரை. தன்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று எண்ணி அவளும் முகம் கொடுக்காமலே இருந்து வந்திருந்தாள். ஏன் என்று அவள் கேட்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் கேட்காமல் விட்டாள்.

கண்ணாடியைக் கழற்றாமலே வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, என்னைப் பாக்கணும்னா நீங்க எங்க பாப்பீங்க?"

அவர் தலையைச் சற்றுத் திருப்பினார். "என்ன கேள்வி இது?"

"சொல்லுங்க."

"உன்னைப் பாத்தா நீ தெரிய மாட்ட. உன் இடது காதுக்கு மேல பாத்தா மூக்கு தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "மூஞ்சில என்ன கறுப்பா?"

"உங்க கண்ணு. கடன் வாங்கிப் போட்டிருக்கேன்."

அவர் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார். அவள் விடவில்லை. கையைப் பிடித்து எழுப்பினாள். "கடைச் சாவியை எடுங்க. ஒண்ணு பாக்கணும்."

வானம் மூடியிருந்தது. கதவைத் திறந்ததும் கடைக்குள் மழைநாள் வெளிச்சம் சாம்பலாகப் பரவியது. சோப்பும் பவுடரும் பழைய முடியும் கலந்த வாசனை. ஏனக்கா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

"கிருதாவை எப்படி நேர் பாப்பீங்க?"

"ரெண்டு விரலையும் ரெண்டு கிருதா மேல வெப்பேன். கண்ணாடில மூக்கைப் பாப்பேன். மூக்கைப் பாத்தா ரெண்டு விரலும் ஓரத்துல தெரியும். எது ஏறியிருக்குன்னு தெரிஞ்சுடும்."

அவள் கண்ணாடிக்குள் தன் மூக்கைப் பார்த்தாள். மூக்கு மறைந்தது. ஆனால் இரண்டு காதும் இரண்டு ஓரத்தில் அழகாகத் தெரிந்தன. அவள் காதோரத்தில் அவர் வைத்த விரல்கள் இரண்டும் தெரிந்தன. நடுப்பார்வை போனவருக்கு இதைவிட வசதியான முறை வேறில்லை; அவருக்கு வேண்டியது எல்லாமே ஓரத்தில்தான் இருந்தது.

"இப்ப விளக்கைப் போடுங்க."

அவர் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து விரல்களை மறுபடி வைத்தார். இரண்டு குழல் விளக்கும் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் எரிந்தன. பின்சுவர்க் கண்ணாடி அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடித்தது. ஏனக்காவுக்குக் காதும் போயிற்று, விரலும் போயிற்று, இரண்டு வெள்ளைக் கம்பம் மட்டும் நின்றன.

"அடப்பாவி! காது இருந்த இடத்துலயே கொண்டாந்து விளக்கை நட்டு வெச்சிருக்கான்!"

மெதுவண்ணன் விளக்கை அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி அணைத்தார். ஒரு வாரமாகத் தன் கண் இன்னும் செத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்த பயத்தை அவர் அந்தச் சுவிட்சில்தான் இறக்கிவைத்தார் போலிருந்தது. போட்டுப் போட்டு அணைத்தார்.

"பல்பு போயிடப் போகுது" என்றாள் அவள். பிறகு, "நாளைக்குத் தாழ்வாரத்துக் கடைசிவரைக்கும் போலாமா?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை.

கருவி அறையில் இருந்த அம்மாவுக்கு ஏனக்கா மனதுக்குள் லென்ஸ் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டாள். மேசை நிறைய லென்ஸ்கள்: கைப்பிடி வைத்தவை, தாளின்மேல் நிற்பவை, விளக்கோடு சேர்ந்தவை, தலையில் மாட்டுபவை. சுவரில் ஒரு பெரிய திரை. ஏனக்காவுக்கு எதைத் தொடுவது எதை விடுவது என்று தெரியவில்லை.

"என்ன பாக்கணும் உங்களுக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"கண்ணு தெரியணும்" என்றார் மெதுவண்ணன்.

"அது எல்லாருக்கும்தான் தெரியணும். எதைப் பாக்கணும்?"

அவர் விழித்தார். ஏனக்கா முந்திக்கொண்டு, "முடி வெட்டுறவர்" என்றாள்.

"அப்ப முடின்னு சொல்லுங்க. படிக்கறவங்களுக்கு வேற, ஊசி கோக்கறவங்களுக்கு வேற, பஸ் நம்பர் பாக்கறவங்களுக்கு வேற. வேலையைச் சொன்னாத்தான் நான் லென்ஸை எடுக்க முடியும்."

ஏனக்கா கைப்பையிலிருந்து பொத்தான் லென்ஸை எடுத்து நீட்டினாள். டீச்சர் அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாரும் முதல்ல இதைத்தான் வாங்குவாங்க. பெருசாக் காட்டக் காட்ட, பாக்குற இடம் சின்னதாயிட்டே போகும், கிட்ட கிட்டப் போகணும். தபால்தலை சேக்கறவங்களுக்கு நல்லது. நீங்க கத்தரிக்கோலை எங்க வெச்சுப்பீங்க, பல்லுலயா?"

பிறகு ஒரு பெரிய கடிகார முகம் வரைந்த அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நடுவில் பாருங்கள், சுற்றி எந்த எண் தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டார். இடது கீழ்ப்பக்கத்து எண்கள்தான் தெளிவாக இருந்தன. அதாவது, பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு அதன் வலது மேல்பக்கத்தைப் பார்த்தால், பார்க்க வேண்டியது அந்த நல்ல இடத்தில் வந்து விழும்.

"இதை அவரே கண்டுபிடிச்சு வெச்சிருக்காருங்க. என் இடது காதுக்கு மேலதான் பாப்பாரு" என்றாள் ஏனக்கா. தன் நாடா ஒட்டிய கண்ணாடியையும் பெருமையாக எடுத்துக் காட்டினாள்.

டீச்சர் அதைப் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா இதுல நாடா ஒரே இடத்துல நிக்குது. நீங்க கண்ணை உருட்டித் தப்பிச்சுக்கலாம். அவருக்குக் கண்ணோடவே கூட வரும், எங்க உருட்டினாலும்."

ஏனக்காவின் பெருமை சட்டென்று வடிந்தது. "அப்ப நான் பாத்தது பாதிதானா?"

"பாதி. ஆனா பாதி வரைக்கும் வர்றவங்களே கம்மி."

அதன்பிறகு டீச்சர், தலையில் பட்டை போல் மாட்டி, நெற்றியிலிருந்து இறக்கிக்கொள்ளும் ஒரு லென்ஸை எடுத்தார். இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட. ஒரு முழம் இல்லாவிட்டாலும் ஒரு சாண் தள்ளி நின்று பார்க்கலாம். இரண்டு கையும் சும்மா இருக்கும். மெதுவண்ணன் மாட்டிக்கொண்டு ஏனக்காவின் கையைப் பிடித்து முழங்கைப் பக்கம் பார்த்தார். பார்வையைச் சற்று வலப்புறம் ஒதுக்கினார். அவருடைய வாய் கொஞ்சமாகத் திறந்தது.

"முடி முடியாத் தெரியுது."

"எப்பவும் போட்டுக்கக் கூடாது. நடக்கும்போது போட்டா தலை சுத்தும். ஓரம் வெட்டும்போது மட்டும் இறக்குங்க, மத்த நேரம் ஏத்திடுங்க. முதல்ல வீட்டுல பழகுங்க. விளக்கு ஒண்ணு போதும். வளையுற கழுத்து வெச்சது, மூடி போட்டது. வெளிச்சம் தலையில விழணும், உங்க கண்ணுல விழக்கூடாது. சீப்பு என்ன நிறம்?"

"கறுப்பு."

"முடி?"

மெதுவண்ணன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"போர்வை?" என்று டீச்சர் ஏனக்காவின் பக்கம் திரும்பினார்.

"வெள்ளைங்க. நான்தான் வெளுக்கறேன். நல்லா வெள்ளையா."

"நரைச்சவங்க வந்தா?"

ஏனக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இவ்வளவு காலம் நீலம் போட்டுப் போட்டு வெளுத்தது, நரைத்த தலைகளை அவர் கண்ணுக்குக் காணாமல் அடிக்கத்தானா?

கடைசியில் டீச்சர் கத்தியைப் பற்றிக் கேட்டார். மெதுவண்ணன் தலையிலிருந்து லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கத்தி வேண்டாம். தொண்டைக் குழி மேல கத்தி வெக்கறப்ப, தெரியுதுன்னு நெனச்சாப் போதாது. தெரியணும். அதை மச்சான் பாத்துக்கட்டும்." பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "கத்திரி என்னுது" என்றார்.

மூன்று நாள் வீட்டில் ஒரே அமர்க்களம். ஏனக்கா கறுப்புத் துணியும் வெள்ளைத் துணியும் சேர்த்துத் தைத்தாள். ஒருபக்கம் போர்த்தினால் கறுப்பு, திருப்பினால் வெள்ளை. தம்பி முணுமுணுத்துக்கொண்டே குழல் விளக்குகளைக் கழற்றினான். "நான் என்ன வேணும்னா போட்டேன்?" என்றான். "நல்லதுக்குத்தான்டா போட்ட, இடத்தைத்தான் தப்பா பாத்துட்ட" என்றாள் அவள். பின்சுவர்க் கண்ணாடிமேல் ஒரு திரை ஏறியது. கழுத்து வளைகிற விளக்கு ஒன்று நாற்காலிக்குப் பக்கத்தில் கொக்கு மாதிரி நின்றது. தட்டுகூட மாறிவிட்டது, மெதுவண்ணனுக்குக் கருநீலத் தட்டு. முட்டை எங்கே இருக்கிறது என்று இப்போது முட்டையே சொன்னது. மாலையில் அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு பழைய தூரிகையின் மயிரை நுனி நுனியாகக் கத்தரித்துப் பழகினார். முதல்நாள் தூரிகை மொட்டையாகிவிட்டது. மூன்றாம் நாள் நுனி கோடு போட்ட மாதிரி இருந்தது.

எல்லாம் சரி. ஆனால் சனிக்கிழமை கடையைத் திறந்தபோது லென்ஸ் துணிப்பைக்குள்ளேயே இருந்தது.

"ஏன்?" என்றாள் ஏனக்கா.

"இதை மாட்டிக்கிட்டு நின்னா எவன் உக்காருவான்? இவருக்குக் கண்ணு போச்சுன்னு நெத்தியில எழுதி ஒட்டுன மாதிரி இருக்கும்."

"இல்லாம வெட்டுனா கிருதால எழுதி ஒட்டுறீங்களே!"

அவர் கத்தரிக்கோலைத் துடைத்தார். அன்று முழுக்கத் தலையின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, ஓரத்துக்கு மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் தன் நாற்காலியையும் விட்டுவிட்டு ஓடி ஓடி வந்தான். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது, "மாமா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சு நிரம்பிவிட்டது. அச்சகத்துக்காரர், கல்லூரிப் பையன், ரொட்டிக் கடைப் பெரியவர், இன்னும் இரண்டு பேர். வேன்காரரும் வந்திருந்தார், கிருதா வளர்ந்திருந்தது. தூறல் விட்டுவிட்டு விழுந்தது. வாசலில் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மச்சானின் நாற்காலியில் ஆள் இருந்தது. மெதுவண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதன் பின்னால் நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவனவன் பத்திரிகையைப் புரட்டினான். "நான் அடுத்து அவர்கிட்டயே பாத்துக்கறேன்" என்று அச்சகத்துக்காரர் மச்சானைக் காட்டினார், எங்கேயோ பார்த்தபடி.

மச்சான் கல்லா நாற்காலியை ஒருமுறை பார்த்தான். மெதுவண்ணனின் கை, போர்வையை மடிக்கத் தொடங்கியது.

ஏனக்கா துண்டுக்கட்டை மேசைமேல் வைத்தாள். நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா! என்ன பண்ற?"

"முடி வெட்டிக்கப் போறேன். ஏன், எனக்கு முடி இல்லையா?"

பெஞ்சில் பத்திரிகைகள் எல்லாம் ஒரே சமயத்தில் இறங்கின. மெதுவண்ணன் குனிந்து, "எந்திரி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் அடிக்குரலில்.

"பாக்கத்தான் உக்காந்திருக்கேன். கொண்டைக்குக் கீழ பிடரியில முடி தொங்குதுல்ல, அதை நேர் பண்ணி விடுங்க. ஓரம்தான். உங்க மச்சானைக் கூப்பிடாதீங்க, பொம்பளைப் பிடரியில அவன் கை வெக்கமாட்டான்."

கல்லூரிப் பையன் களுக்கென்று சிரித்தான். மெதுவண்ணன் மடித்த போர்வையை விரித்து அவள் தோளில் போட்டார். பிறகு துணிப்பையை அவிழ்த்தார். பட்டையைத் தலையில் மாட்டினார். கொக்கு விளக்கின் கழுத்தை வளைத்து அவள் பிடரிமேல் விட்டார். லென்ஸை இறக்கினார்.

"என்னண்ணே இது, வாட்ச் ரிப்பேரா?" என்றார் வேன்காரர்.

"நடுக்கண்ணு தேஞ்சுபோச்சு. ஓரக்கண்ணுல பாக்கறேன். சின்னதா இருக்கறதை இது பெருசாக் காட்டும்." தலையைத் திருப்பாமல்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் கை நிதானத்துக்கு வந்தது.

வெள்ளைச் சீப்பால் தூக்கி, தூக்கிய நுனியை மட்டும் கத்தரித்தார். கிச், கிச், கிச். கடையில் வேறு சத்தமில்லை. மச்சான்கூடத் தன் மிஷினை நிறுத்திவிட்டான். அவர் பார்வை அவள் பிடரிக்குச் சற்று வலப்புறம் மேலே நிலைத்திருந்தது. ஏனக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் தன் தலையில் கத்தரிக்கோல் வைப்பது இதுதான் முதல் தடவை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சத்தம் நின்றது.

"என்னங்க? வெட்டிட்டீங்களா?"

"இல்ல. இரு." சீப்பின் முனையால் பிடரியில் மெதுவாக ஒரு வட்டம் போட்டார். "உன் கொண்டை எப்பவும் இடதுபக்கமே சரியுமே..."

"ஆமா, எத்தனை ஊசி குத்தினாலும். ஏன்னு எனக்கே தெரியல."

"இங்க ஒரு சுழி இருக்கு. பிடரியில. முடியெல்லாம் இடதுபக்கமா சுத்தி வளருது. அடியில அது இழுக்குது, மேல கொண்டை சரியுது."

ஏனக்கா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. "நிஜமாவா? இவ்வளவு நாளா இருக்கா?"

"பொறந்ததுலேருந்து இருக்கும்."

"கண்ணு நல்லா இருந்த காலத்துல இதைப் பாத்தீங்களா நீங்க?"

"எங்க பாத்தேன்!" என்றார் அவர். உடனே லென்ஸுக்குள் மறுபடி குனிந்து, அந்தச் சுழியைச் சுற்றி ஒரு முடி பிசகாமல் ஓரத்தை முடித்தார். பிரஷால் தட்டிவிட்டு லென்ஸை ஏற்றினார்.

ரொட்டிக் கடைப் பெரியவர் எழுந்துவந்து, கேட்காமலே ஏனக்காவின் பிடரியை எட்டிப் பார்த்தார். "கோடு போட்ட மாதிரி இருக்கு" என்று பெஞ்சுக்கு அறிவித்தார்.

அவள் இறங்கினாள். நாற்காலி மறுபடி காலியானது. வேன்காரர் தாடையைத் தடவியபடி எழுந்து இரண்டடி வந்து நின்றார்.

"சவரமா, முடியா?" என்று மெதுவண்ணன் கேட்டார். "சவரம்னா மச்சான் நாற்காலி. என்கிட்ட இனிமே கத்தி கிடையாது. முடின்னா இங்க."

வேன்காரர் தாடையைத் தொட்டார். தலையைத் தொட்டார். மச்சானைப் பார்த்தார், மச்சான் தன் நாற்காலியில் இருந்தவரின் தலைக்குத் திரும்பிக்கொண்டான்.

"ரெண்டும்தான் அண்ணே. முதல்ல இங்க" என்று வேன்காரர் உட்கார்ந்தார்.

மெதுவண்ணன் போர்வையை உதறினார். வேன்காரருக்குப் பாதி கறுப்பு, பாதி நரை. எந்தப் பக்கத்தைப் போர்த்துவது என்று விளக்கை அவர் தலைக்கு அருகே இழுத்துப் பார்த்தார். காதோரம் முழுக்க நரை. துணியைத் திருப்பிக் கறுப்பைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டார்.